அண்ணனுக்குக் கட்டிய குளியலறை

நீலாவதி கெட்ட சேதியை ஊருக்கே சொல்லுவாள். நல்ல சேதியை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாள். மகன் ஹேமநாதன் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறியபோது, என்னமோ தட்டுத் தடுமாறிப் பாஸாகிவிட்டான் என்றுதான் கடைத்தெருவில் சொன்னாள். புது ஐஸ்பெட்டி வந்த அன்று, லாரியிலிருந்து இறக்கும்போதே பழைய போர்வையைப் போட்டு மூடச் சொன்னாள். ஆனால் புருஷன் தேவன் நெஞ்சுவலியில் போனதும், செம்பனைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து தன் கை முறிந்ததும், மழைக்குக் கூரை ஒழுகுவதும் பகாவ் பஸ் நிலையத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளுக்கும் தெரியும். இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் கிடையாது.

அது சும்மா வந்த பழக்கம் இல்லை. கல்யாணமான புதிதில், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தபோது, முதல் பிள்ளை தங்கிய சந்தோஷம் தாங்காமல் இரண்டாவது மாதமே கேசரி கிண்டி வீட்டுக்கு வீடு கொடுத்தாள். வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுக்குக்கூட ஒரு தட்டு போனது. பத்தே நாளில், ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே எல்லாம் போய்விட்டது. கேசரி தின்ற அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இவர்களில் யாருடைய கண் என்று யோசித்து யோசித்தே அந்த வருஷம் கழிந்தது. அடுத்து ஹேமநாதனைச் சுமந்தபோது ஐந்து மாதம் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் நல்லபடியாகப் பிறந்தான். அதோடு அவள் மனசுக்குள் ஒரு கணக்கு முடிந்துபோனது.

அவளுக்கு ஒரே ஓர் அண்ணன், சந்திரன். அப்பா செத்தபோது அவருக்குப் பதினைந்து வயது, இவளுக்குப் பத்து. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு களைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தோடு சேர்ந்து, முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். தங்கையை வளர்த்து, லாரி ஓட்டுகிற தேவனுக்குக் கட்டிக் கொடுத்தார். தனக்கு ஒரு கல்யாணம் என்பதை இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பேச்சையே விட்டுவிட்டார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, லயங்களை இடித்துத் தள்ளியபோது, நீலாவதி குடும்பத்துக்குப் பகாவ் பக்கம் குடியிருப்புத் திட்டத்தில் வீடு கிடைத்தது. சந்திரன் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல்காரராகப் போனார். இருபத்திரண்டு வருஷம் அந்த வாசலில் நின்றார். மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அறை; துவைத்து மடித்த சீருடை; முகம் தெரிகிற மாதிரி துடைத்த பூட்ஸ். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற மனுஷன், யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவார்.

அந்தப் பூட்ஸுக்குள்தான் புண் வந்தது. இனிப்புநீர் உடம்பு, சர்க்கரையில் மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை. தெரிந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், திரையை இழுத்துவிட்டுப் படுக்கையிலேயே எல்லாம் நடந்தது. வேறு என்ன வலித்தாலும் வாய் திறக்காத ஆள், நீலாவதி பார்க்கப் போன மூன்றாம் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்க இருந்தாலும் சரிதாம்மா. கக்கூசுக்கு மட்டும் நானே போயி நானே கதவச் சாத்திக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணு."

நீலாவதி அங்கேயே வாக்குக் கொடுத்தாள். வழியும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை நின்றது. ஹேமநாதன் கல்யாணத்துக்கு வருகிற உறவுக்காரர்கள் தங்குவதற்காகக் கட்டியது. தகரக் கூரை, இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி. அதில் குளியலறை கிடையாது. விருந்தாளிகள் வீட்டுக் குளியலறைக்குத்தான் வருவார்கள். வீட்டுக் குளியலறையோ அரையடி பள்ளம், குறுகிய கதவு, குந்தி உட்காருகிற கக்கூசு. ஒற்றைக் காலோடு ஒருவர் அதற்குள் இறங்கினால் எலும்பு மிஞ்சாது. ஆகவே பின்னறையை ஒட்டியே, சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகிற மாதிரி ஒரு குளியலறை கட்டிவிடுவது என்று முடிவானது.

கதவு எவ்வளவு அகலம், பிடித்துக்கொள்கிற கம்பி எந்த உயரம், கக்கூசு எவ்வளவு உயரம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஹேமநாதன் அதைச் சன்னாசியிடம் காட்டினான். சன்னாசி அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குச் சமையலறை இழுத்துக் கட்டியவர். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவர், வாசலில் கட்டை வைக்கக்கூடாது என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷமாகக் கட்டை இல்லாமல் ஒரு பாத்ரூமும் கட்டியதில்லை, தண்ணீர் அறைக்குள் ஓடிவந்து மெத்தையை நனைக்கும், அப்புறம் ஊரே சன்னாசியைத்தான் ஏசும் என்று வாதாடினார். தரையைப் பின்சுவர் பக்கம் சாய்த்து, சுவரோரம் நீளமாக ஒரு கால்வாய் விட்டால் தண்ணீர் வராது என்று ஹேமநாதன் தண்ணீரை ஊற்றிக் காட்டாத குறையாக விளக்கினான். ஒருவழியாக மனுஷன் இறங்கி வந்தார்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. சந்திரனை வீட்டுக்கு அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் முடித்துவிடுவேன் என்று சன்னாசி சொல்லியிருந்தார். வியாழக்கிழமைக்குள் அஸ்திவாரம் வெட்டி, குழாய்க்குப் பள்ளம் தோண்டி, மூன்று வரிசைக் கல்லும் வைத்தாயிற்று. அன்று சாயங்காலம் மருமகள் ரோகினி வேலை விட்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்து நீலாவதியிடம் நீட்டினாள். இரண்டு கோடு தெரிந்தது.

ரோகினி டவுனில் பாலர் பள்ளி ஆசிரியை. இதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் நிற்காமல் போயிருந்தது. இரண்டாவது போனது, ஹேமநாதன் தொலைக்காட்சி மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்ட எட்டாவது நாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். ரோகினி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மாமியாரும் மருமகளும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் மண் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, சுவரை இடிக்கக்கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ரோகினி எதையும் கேட்கவில்லை. பின்பக்கம் தோண்டிக் கிடந்த பள்ளத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். நீலாவதி அன்றே சன்னாசி வீட்டுக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் வந்து பள்ளத்தைக் கன்வாஸ் போட்டு மூடி, சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஹேமநாதன் கேட்டான். பிள்ளை பிறந்ததும் கட்டி முடித்துவிடலாம், அதுவரைக்கும் ஓட்டை வைத்து, அடியில் வாளி வைக்கிற நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாள் நீலாவதி. மூன்று மாதம் முடிகிறவரை அவருக்கு விஷயம் தெரியக்கூடாது என்றும் சொன்னாள். அவன் விடவில்லை. மாமா யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார், அவரிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டான். முறை என்றால் முறைதான் என்று வாயை அடைத்துவிட்டாள்.

உண்மை அதுவல்ல. கால் போனவர், கல்யாணம் காணாதவர், பிள்ளை குட்டி பார்க்காதவர். அந்த வாயிலிருந்து 'அப்படியா, சந்தோஷம்' என்று வந்தால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். வளர்த்து ஆளாக்கிய அண்ணனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே நெஞ்சைச் சுட்டது. சுட்டாலும் அந்த நினைப்பு சொன்னபடியேதான் நடந்தாள்.

சந்திரன் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கன்வாஸையும் மூன்று வரிசைக் கல்லையும் பார்த்தார். டைல்ஸ் வரவில்லை, வந்ததும் முடித்துவிடுவார்கள் என்று நீலாவதி சொன்னாள். பரவாயில்லை லா, என்ன அவசரம் என்றார். அடுத்த வாரம் நகராண்மையில் அனுமதி தரவில்லை என்றாள். அதற்கடுத்த வாரம் சன்னாசிக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றாள். தாமதமாக வருகிறவர்கள் சொல்கிற சாக்கையெல்லாம் இருபத்திரண்டு வருஷம் வாசலில் நின்று கேட்டவர் அவர். எதற்கும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கன்வாஸைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது.

காலையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நீலாவதி வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைப்பாள். அப்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வாரத்துக்கு இரண்டு தடவை, செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த ஹேமநாதன் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக் குளியலறையில் குளிப்பாட்டுவான். மற்ற நாள் ஈரத்துணிதான். பகலெல்லாம் தகரக் கூரையின் கீழே அறை வெந்துகொண்டிருக்கும். அதனால் பெரிய கூஜா நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள்.

வீட்டுக்குப் பின்புறம் பாத்திரம் கழுவுகிற தொட்டி, பின்னறை ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. ரோகினிக்கு மசக்கை ஆரம்பித்திருந்தது. நீலாவதி வாளியோடு அந்தப் பக்கம் போகிற நேரமும், ரோகினி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து தொட்டியில் குனிகிற நேரமும் ஒன்றாகவே இருந்தன. குடலே வந்துவிடும் போலிருக்கும். தினமும் இது நடந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தினமும் இதைப் பார்த்தார்.

ஒருநாள், ரோகினிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேஸ்டிரிக், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு நீலாவதி அறையைக் கூட்டத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு வாளியின் கனம் குறைந்தது. அண்ணன் பழகிக்கொண்டார் என்று நினைத்தாள். மத்தியானம் வந்து பார்த்தால் கூஜா காலியாக இருந்தது. வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறார் என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். முகம் லேசாக வீங்கியபோது சதை போடுகிறது என்றுகூடத் தோன்றியது, பாவம்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் வேலை விட்டு வந்தபோது, சந்திரன் அவளைப் பார்த்து கேட் சாவியைக் கேட்டார். அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிட்டான், சாவியைக் கொடுக்கவேண்டும் என்றார். உதடு வெடித்து, நாக்கு தடித்து, வார்த்தை குழறியது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. ஏற்கனவே பாதி கெட்டிருந்த சிறுநீரகம், உள்ளே நீர் வற்றி, கிருமியும் சேர்ந்து அடியோடு நின்றுவிட்டது என்று இளம் மலாய் டாக்டர் சொன்னாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டாள். நீலாவதி இரண்டு கையாலும் கூஜாவின் உயரத்தைக் காட்டினாள். டாக்டர் நம்பவில்லை என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

இரண்டு தடவை இரத்தத்தைச் சுத்தம் செய்த பிறகு சந்திரனுக்குத் தெளிவு வந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீலாவதி கேட்டாள்.

"அண்ணே, நான் வச்ச தண்ணியெல்லாம் என்னதான் பண்ணீங்க?"

"ஜன்னல் வழியா ஊத்திட்டேம்மா."

"ஏண்ணே?"

"குடிச்சா வருதுல்ல." மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "நீ வாளியத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் அந்தப் புள்ள வாந்தி எடுக்குது. சொல்ல மாட்டாம கெடக்குது. கட்டுறதையும் நிறுத்திட்டீங்க. நான் ரொம்ப நாள் இருக்கறது அதுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். இருக்கற வரைக்குமாவது வாட இல்லாம இருப்போம்னு பாத்தேன்."

மூன்று மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

"அவ முழுகாம இருக்காண்ணே," என்றாள் நீலாவதி. "அதான் வாந்தி. அதான் வேலைய நிறுத்தினோம்."

சந்திரன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். நீலாவதிக்குப் பதில் தெரியும், ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே எந்த வாயால் சொல்லுவாள். தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். இத்தனை வருஷம் அவள் கட்டிக்காத்த வாய், கட்டியிருக்க வேண்டாத ஓர் இடத்தில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

சந்திரன் தண்ணீரைக் கொட்டிய காரணம் தெரிந்ததும் ரோகினி ஒரு மணி நேரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்தபோது கையில் துணிப்பை இருந்தது. ரெம்பாவில் தன் அம்மா வீட்டில் போய் இருக்கிறேன், நான் இல்லாத வீட்டில் எதை வேண்டுமானாலும் தோண்டலாம், சன்னாசியை வரச் சொல்லுங்கள் அத்தை என்றாள். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். சம்பந்தி வீட்டில் காரணம் கேட்பார்கள், அப்புறம் சேதி வெளியே போகும் என்று நீலாவதி அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. சன்னாசி வந்து கன்வாஸைப் பிரித்து, புல்லை வெட்டி, வேலையை முடித்தார். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள்தான் ஆனது.

நல்ல குளியலறை. கட்டை கிடையாது, சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தண்ணீர் ஒரு சொட்டு அறைக்குள் வருவதில்லை. சுவரில் இரண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி, உட்கார்ந்து குளிக்க மடக்குகிற பலகை, கைக்கெட்டும் உயரத்தில் குழாய், உள்ளே தாழ்ப்பாள். சன்னாசி தானே பலகையில் உட்கார்ந்து காட்டினார். சந்திரன் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், திரும்பப் போட்டார். ஆனால் கக்கூசுக்கு அவருக்கு வேலை குறைந்துவிட்டிருந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்த சில வாரங்களிலேயே சிறுநீர் வருவது நின்றுபோனது.

இப்போது தண்ணீர்தான் எதிரி. நாளைக்கு மூன்று டம்ளர், மருந்துக்கும் தேத்தண்ணீருக்கும் சேர்த்து. வாரத்துக்கு மூன்று தடவை டவுனில் இருக்கிற டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வந்தார். தகரக் கூரைச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் ஒரு டம்ளர் கேட்காத மனுஷன், தங்கையிடம் கேட்க ஆரம்பித்தார். ஒரு வாய் போதும்மா என்பார். நீலாவதி ஐஸ் துண்டு ஒன்றை அவர் வாயில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். இல்லையென்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த அறைக்குள் போகவே கால் வருவதில்லை.

ஒரு திங்கட்கிழமை மையத்தில் நர்ஸ் எடை பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். நாலு கிலோ கூடியிருந்தது, அத்தனையும் தண்ணீர். எங்கிருந்து குடிக்கிறார் என்று கேட்டாள். நீலாவதிக்குப் புரியவில்லை. மறுநாள் அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையில் குழாய் திறந்திருந்தது. உடம்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம்தான் கேட்டது, மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், மறுபடியும் அதே சத்தம்.

"அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?"

குழாய் நின்றது. "வாய் கொப்பளிச்சேம்மா," என்றார் உள்ளேயிருந்து.

அவள் கதவைத் தட்டவில்லை. டைல்ஸ், அனுமதி, முதுகுவலி என்று ஐந்து வாரம் சாக்குச் சொன்னவள், எந்த முகத்தோடு தட்டுவாள். அந்த வாரக் கடைசியில் நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல், வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தார். மறுபடியும் ஆம்புலன்ஸ், மறுபடியும் சிரம்பான். இன்னொரு தடவை இப்படி வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, தாழ்ப்பாளைக் கழற்றும்படி நீலாவதி ஹேமநாதனிடம் சொன்னாள். ரோகினி ரெம்பாவிலிருந்து திரும்பி வந்திருந்தாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் இருக்கிற வீட்டில் கருவியை எடுக்கிறோமே என்று அன்று யாருக்கும் நினைவில்லை.

"அம்மா, மாமா கேட்டதே அது ஒண்ணுதான்," என்றான் ஹேமநாதன்.

"கழட்டுப்பா," என்றாள்.

சந்திரன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆணிகள் புல்லில் விழுந்து யார் காலிலாவது குத்திவிடும் என்று உள்ளங்கையை நீட்டினார். ஹேமநாதன் நான்கையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தான். ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடு, எறும்பு கூடு கட்டும் என்றார்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது, நீலாவதி கதவை ஒரு சாண் திறந்தபடி விட்டு, வெளியே முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பார்க்க மாட்டேன், காது மட்டும்தான் இங்கே இருக்கும் என்று அவரிடம் சொன்னாள். சரிம்மா என்றார். பலகையில் மாறி உட்காருகிற சத்தம் கேட்டது. குழாய் திறந்தது, தண்ணீர் விழுந்தது, ஈரத் துணியில் விழுகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வெளியே வந்தபோது, கட்டியிருந்த கைலியிலிருந்து தண்ணீர் சொட்டி நாற்காலிச் சக்கரம் வரைக்கும் நனைந்திருந்தது. தன்னுடைய குளியலறைக்குள் போகிறபோது சந்திரன் இப்போதெல்லாம் கைலியை அவிழ்ப்பதில்லை, கட்டிக்கொண்டேதான் குளிக்கிறார்.